எழும்பூர் மணலில் எழுதிய பிள்ளைகள்

சட்டைக்காரர் என்று நம் பெரியவர்கள் அழைத்த ஆங்கிலோ இந்தியரை நம் பங்கில் அறியாதவர் இல்லை. ரயில், தந்தி, பாண்டு வாத்தியம் என்று அவர்களைப் பற்றிப் பேசுகிறோம். ஐரோப்பியத் தந்தைக்கும் இந்நாட்டுத் தாய்க்கும் பிறந்த பிள்ளைகள் பழைய சென்னையில் எப்படி வளர்ந்தார்கள் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

தொடக்கத்தில் கம்பெனியாரே இத்தகைய திருமணங்களை விரும்பினர். 1687இல் லண்டனிலிருந்து சென்னைக் கோட்டைக்கு வந்த கடிதம், ஆங்கிலப் படைவீரருக்குப் பிறக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் நாளில் தாயின் கையில் ஒரு வராகன் கொடுக்கச் சொல்கிறது. கோட்டையைக் காக்க ஆட்கள் வேண்டியிருந்தது. வேறு பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. நூறாண்டு கழித்துப் பேச்சு மாறிற்று. இந்தியத் தாய்க்குப் பிறந்தவனுக்குக் கம்பெனியின் சிவில், ராணுவ, கப்பல் பதவிகள் கிடையாது என்று 1791இல் ஆணை பிறந்தது. 1795இல், பெற்றோர் இருவரும் ஐரோப்பியராய் இராதவன் படையில் குழல் ஊதலாம், முரசு அடிக்கலாம், குதிரைக்கு லாடம் கட்டலாம், அதற்குமேல் ஒன்றுமில்லை என்றாயிற்று. வராகன் கொடுத்து வரவேற்ற அதே கைதான்!

இப்பிள்ளைகளுக்காகச் சென்னையில் 1787இல் பெண்கள் அநாதை இல்லமும், 1789இல் எழும்பூரில் ஆண்கள் அநாதை இல்லமும் ஏற்பட்டன. பெயர்தான் அநாதை இல்லம். தாய் உயிரோடிருந்த பிள்ளைகளும் அங்கே இருந்தனர். தாயின் பழக்கவழக்கங்கள் ஒட்டிவிடக் கூடாதென்பது நடத்தியவர்களின் எண்ணம்.

எழும்பூர் இல்லத்தை நடத்தியவர் ஆண்ட்ரு பெல் என்ற ஸ்காட்லாந்து நாட்டு ஆங்கிலிகன் போதகர். ஒருநாள் அவர் தமிழ்ப் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டார். நம் திண்ணைப் பள்ளிகளில் எல்லோருக்கும் பழகிப்போன காட்சி. உடனே தம் இல்லத்திலும் அப்படிச் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் ஆகாது என்றனர். பெல் விடவில்லை. படைவீரர் ஒருவரின் மகனான ஜான் பிரிஸ்கன் என்னும் சிறுவனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். அவனுக்கு வயது எட்டு! அவன் சொல்லிக் கொடுத்தான், மற்றவை கற்றன. பிறகு பெரிய பிள்ளைகள் சிறியவர்களுக்குக் கற்பிப்பதே இல்லத்தின் வழக்கமாயிற்று.

இதைப் பெல் 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்று பெயர் பரவிற்று. 1832இல் அவர் இறந்தபோது 12,000க்கு மேற்பட்ட பள்ளிகள் அம்முறையைப் பின்பற்றின. தாயின் நிழல் படக் கூடாதென்று தனியே வைத்த பிள்ளைகளுக்குத் தாய்நாட்டுத் திண்ணைப் பாடமே கைகொடுத்தது. அது அவர்கள் வழியாகவே தந்தையின் நாட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அன்று இதைச் சொல்லிப் பெருமைப்பட்டவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

உயர்ந்த பதவிகள் அடைபட்ட இவர்களுக்கு அளவைத் தொழில் வாசல் திறந்தது. 1794இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளியின் முதல் மாணவர் எட்டுப் பேரும் இந்த எழும்பூர் இல்லத்துப் பிள்ளைகள். அப்பள்ளியே வளர்ந்து இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆயிற்று. அங்குப் பயின்ற ஜோஷுவா தெ பென்னிங், பரங்கிமலையருகே 1802இல் அடிக்கோடு அளந்து பெரும் நில அளவையைத் தொடங்கிய லாம்டனிடம் நெடுங்காலம் உதவியாளராக உழைத்தார்.

அக்காலத்துக் கோட்டைப் பதிவேடுகளில் தந்தையின் பெயரும் பதவியும் முழுதாக இருக்கும். தாய்க்குப் பல இடங்களில் பெயரே இராது. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 366(2) பிரிவும், தந்தைவழி முன்னோர் ஐரோப்பியராய் இருந்தவரையே ஆங்கிலோ இந்தியர் என்கிறது. தாய்வழியைப் பற்றி அதிலும் ஒரு சொல் இல்லை.