நிகழ் யூ.எஸ்.பி

நிகழ் யூ.எஸ்.பி என்பது, கணினியில் நிறுவாமலேயே நேரடியாக இயக்கக்கூடிய முழுமையான இயங்குதளத்தைக் கொண்ட யூ.எஸ்.பி விரலி அல்லது வெளி வன்தட்டு ஆகும். இதன் மூலம் ஒருவர் தமது பணிமேடை, மென்பொருட்கள், அமைப்புகள், கோப்புகள் ஆகியவற்றை எடுத்துச் சென்று பிற கணினிகளில் பயன்படுத்தலாம். பயனர் தாமாக மாற்றினாலன்றி, அக்கணினியின் வன்தட்டில் உள்ள இயங்குதளம் மாற்றமடைவதில்லை.

வரலாறு

நிகழ் யூ.எஸ்.பியின் முன்னோடி நிகழ்வட்டு ஆகும். செருமனியைச் சேர்ந்த கிளவுசு நாப்பர், டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய நாப்பிக்சு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. குறுவட்டில் மாற்றங்களை எழுத இயலாது என்பதால், வேறு ஊடகத்தில் சேமிக்காதவை கணினியை அணைத்ததும் அழிந்தன. மீண்டும் மீண்டும் எழுதத்தக்க விரலிகள் இக்குறையைப் போக்கின. தனியுரிமையை நோக்கமாகக் கொண்ட டெயில்சு 2009இல் வெளியானது. மைக்ரோசாப்டு 2012இல் விண்டோசு 8 எண்டர்பிரைசு பதிப்பில் அறிமுகப்படுத்திய 'விண்டோசு டு கோ' வசதி, 2020இல் விண்டோசு 10இன் 2004 பதிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

இயங்கும் விதம்

கணினி தொடங்கும்போது தொடக்கப் பட்டியில் யூ.எஸ்.பியைத் தெரிவு செய்தால், விரலியிலுள்ள கருனி முதன்மை நினைவகத்தில் ஏற்றப்படும். ஒவ்வொரு தொடக்கத்தின்போதும் வன்பொருட்கள் புதிதாகக் கண்டறியப்படுவதால், ஒரே விரலி வெவ்வேறு கணினிகளில் இயங்குகிறது.

பெரும்பாலான லினக்சு வழங்கல்களில் இயங்குதளம் சுருக்கப்பட்ட, படிக்க மட்டுமேயான கோப்பாக இருக்கும். பயனர் செய்யும் மாற்றங்கள் அதன்மீது தனி அடுக்காக எழுதப்படும். இவ்வடுக்கு நினைவகத்தில் மட்டும் இருந்தால் மாற்றங்கள் நிலைக்காது. விரலியின் தனிப்பகிர்விலோ கோப்பிலோ இருந்தால் நிலைக்கும். பிந்தையது 'நிலைத்த சேமிப்பு' எனப்படும். ஃபேட்32 முறையில் ஒரு கோப்பின் அளவு 4 கிகாபைட்டை எட்ட இயலாது என்பதால், கூடுதல் இடம் தேவைப்படுவோர் தனிப்பகிர்வை அமைப்பர்.

பயன்கள்

* சொந்தக் கணினி இல்லாத மாணவர், பொதுக் கணினிகளில் தமது பணியை விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.
* தமிழ் எழுத்துருக்கள், தமிழ்99 விசைப்பலகை போன்றவற்றை ஒருமுறை அமைத்தால் போதும்.
* பழுதடைந்த கணினியிலிருந்து கோப்புகளை மீட்கலாம்.

வரம்புகள்

* கணினி உரிமையாளரின் அனுமதி தேவை. பல நிறுவனங்கள் யூ.எஸ்.பி வழித் தொடக்கத்தைக் கடவுச்சொல்லால் தடுத்து வைத்துள்ளன.
* இன்டெல், ஏ.எம்.டி செயலிகளுக்கான விரலி, ஆப்பிளின் எம்1 முதலான செயலிகள் கொண்ட கணினிகளில் தொடங்காது.
* ஃபிளாசு நினைவகத்தில் எழுதக்கூடிய தடவைகளுக்கு வரம்பு உண்டு. ஆகவே கோப்புகளுக்கு வேறிடத்தில் காப்புநகல் இன்றியமையாதது.

பாதுகாப்பு

கணினியின் வன்தட்டிலுள்ள இயங்குதளம் தொடங்கப்படாததால், அதிலுள்ள தீநிரல்கள் பொதுவாகச் செயற்படுவதில்லை. எனினும், விசைப்பலகையுடன் இணைக்கப்பட்ட வன்பொருள் ஒற்றுக் கருவி, தட்டப்படும் கடவுச்சொற்களைப் பதிவு செய்யக்கூடும். எனவே நம்பகமற்ற கணினியில் வங்கிப் பணிகளைத் தவிர்ப்பது நன்று. விரலி தொலைந்தால் அதிலுள்ள அனைத்தும் பிறர் கையில் சேரும் என்பதால், சேமிப்புப் பகிர்வை லக்சு போன்ற முறையால் மறையாக்கம் செய்வது வழக்கம்.