வெற்றுத் தோட்டாவை மீள நிரப்பும் இயந்திரம்: நம்பகமானதைத் தெரிவு செய்வது எப்படி?

வன்னியில் பயிர்க் காவலுக்காக அனுமதிப்பத்திரத்துடன் 12 போர் துவக்கு வைத்திருந்த தலைமுறைக்கு, சுட்டபின் வெளியே விழும் வெற்றுக் கோது புதிய பொருளல்ல. அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்தக் கோதைப் பலர் எறிந்துவிடுவதில்லை. வீட்டின் பின்னறையில் மேசையோடு பூட்டிய ஒரு சிறு இயந்திரத்தில் அதை மீள நிரப்பிப் பாவிக்கிறார்கள். களிமண் தட்டுச் சுடும் விளையாட்டிலும் பறவை வேட்டையிலும் ஈடுபடுவோரிடையே இது பல தசாப்தங்களாக உள்ள வழக்கம். அந்நாடுகளில் சட்டப்படி இதில் இறங்க எண்ணும் நம்மவர்களுக்கும், இதைப் பற்றி அறிய விரும்புவோருக்குமாக இயந்திரத் தெரிவு பற்றிய விபரங்களை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

இயந்திரம் செய்யும் வேலை

சொட்கன் தோட்டா ஒன்றில் ஐந்து பாகங்கள் உண்டு. பித்தளை அல்லது உருக்கு அடியுடன் கூடிய பிளாஸ்டிக் கோது, அடியில் தீப்பொறி தரும் பிரைமர், வெடிமருந்து, மருந்தையும் சன்னத்தையும் பிரிக்கும் அடைப்பு, அதன்மேல் சன்னம். இயந்திரம் எரிந்த பிரைமரைத் தள்ளி வெளியேற்றும். சுட்டபோது விரிந்த அடிப்பகுதியைப் பழைய அளவுக்கு இறுக்கும். புதிய பிரைமரைப் பொருத்தி, மருந்து, அடைப்பு, சன்னம் ஆகியவற்றை முறையே இறக்கி, கடைசியில் வாயை மடித்து மூடும். இவற்றில் ஒரு படி பிசகினாலும் விளைவைச் சுடுபவரின் கண்ணும் விரல்களுமே தாங்க வேண்டிவரும்.

மருந்து விழாத தோட்டாவைச் சுட்டால் பிரைமரின் பலத்தில் அடைப்பு குழலின் நடுவே போய்ச் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும். மருந்து இருமுறை விழுந்தாலும் அதே ஆபத்துத்தான். ஆகவே நம்பகமான இயந்திரம் என்பது வேகமானது என்று பொருள்படாது. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மருந்தை இறக்குவதும், தவறு நேர்ந்தால் அதைக் கண்ணுக்குக் காட்டுவதுமே நம்பகத்தின் அடையாளம்.

இரண்டு வகைகள்

முதலாவது ஒற்றைப்படி இயந்திரம். ஒரு கோதை ஒவ்வொரு நிலையாகக் கையால் நகர்த்தி முடித்த பின்னரே அடுத்ததை எடுக்க வேண்டும். கவனமாக வேலை செய்பவர் மணிக்கு நூறு தோட்டா அளவில் நிரப்பலாம். தட்டுச் சுடும் ஒரு சுற்றுக்கு 25 தோட்டா போதும் என்பதால், மாதத்தில் ஓரிரு நாள் மைதானத்துக்குப் போகிறவருக்கு இதுவே தாராளம்.

இரண்டாவது தொடர்படி இயந்திரம். பல கோதுகள் வட்டமாக நிற்க, பிடியை ஒருமுறை இழுத்தால் எல்லா நிலைகளிலும் வேலை நடந்து ஒரு தோட்டா முழுமையாக வெளிவரும். வேகம் பலமடங்கு. ஆனால் ஒரு நிலையில் ஏற்படும் தடங்கல் பல தோட்டாக்களைக் கெடுத்துவிடும். எந்த நிலையில் என்ன நடக்கிறது என்பதை ஒற்றைப்படி இயந்திரத்தில் பழகியவரே இதைப் பிடிபட இயக்குவார்.

பெயர் பெற்ற தயாரிப்புகள்

விஸ்கொன்சின் மாநிலத்தின் மேவில் நகரைச் சேர்ந்த மெக் நிறுவனத்தின் இயந்திரங்களே பரவலாகப் பாவனையில் உள்ளன. அதன் 600 ஜூனியர், சைஸ்மாஸ்டர் ஆகியவை ஒற்றைப்படி. கிராபரும் 9000 வரிசையும் தொடர்படி. 600 ஜூனியர் கோதின் அடியை ஒரு வளையத்துக்குள் செலுத்தி இறுக்கும். சைஸ்மாஸ்டரில் விரல்கள் போன்ற கவ்வி நாலாபுறமும் நெருக்கி இறுக்கும். தானியங்கிச் சொட்கன் வைத்திருப்பவருக்குக் கோதின் அடி சரியான அளவில் இல்லாவிட்டால் தோட்டா அறையில் சிக்கும் என்பதால் கவ்வி முறையே உகந்தது.

லீ நிறுவனத்தின் லோட்-ஓல் விலை குறைந்தது. பிளாஸ்டிக் பாகங்கள் அதிகம். குறைவாகச் சுடுபவர் கற்றுக்கொள்ள ஏற்றது. ஆயிரக்கணக்கில் நிரப்புவோருக்குத் தாக்குப்பிடிக்காது. டில்லன் நிறுவனத்தின் எஸ்.எல். 900 விலை கூடியது. கோது தன் இடத்தில் இருந்தால் மட்டுமே அதில் மருந்து இறங்கும். பொன்ஸ்னஸ்-வொரன் இயந்திரத்தில் கோது முழு நீள உறைக்குள் இருந்தபடியே எல்லா நிலைகளையும் கடக்கும். அதனால் வடிவம் கெடுவது குறைவு.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

உதிரிப்பாகம். தயாரிப்பு நின்றுபோன இயந்திரம் மலிவாகக் கிடைக்கலாம். ஒரு சுருள்வில் உடைந்தாலும் அது மேசையில் வெறும் இரும்பாகக் கிடக்கும். இன்றும் பாகம் விற்கப்படும் மாதிரியையே தெரிவு செய்யுங்கள்.

துவக்கின் அளவு. பல இயந்திரங்கள் ஒரு போருக்கென்றே அமைக்கப்பட்டவை. 12 போரிலிருந்து 20 போருக்கு மாற்றத் தனித் தொகுதி வாங்க வேண்டும், மாற்றுவதற்கும் நேரமெடுக்கும்.

பழைய இயந்திரமாயின் நடுத்தூண் ஆடுகிறதா, அடித்தட்டு வளைந்திருக்கிறதா, கவ்வி விரல்கள் துருப்பிடித்துள்ளனவா, மருந்து அளக்கும் சட்டத்தின் இடுக்கில் தூள் கசிகிறதா என்று பாருங்கள். கசியும் சட்டம் அளவைப் பொய்யாக்கும்.

தராசு. இயந்திரத்தோடு வரும் அட்டவணையில் எந்த அளவுக் குழாய் எவ்வளவு மருந்தை இறக்கும் என்று எழுதியிருக்கும். அதை நம்பி நிரப்பக் கூடாது. பிடியை இழுக்கும் விதம், மேசையின் அதிர்வு, மருந்தின் அடர்த்தி எல்லாம் அளவை மாற்றும். சிறந்த இயந்திரம் வாங்கித் தராசு வாங்காதவரைவிட, சாதாரண இயந்திரத்தோடு நல்ல தராசு வைத்திருப்பவரே பாதுகாப்பானவர்.

உருக்குச் சன்னம். நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சன்னம் அமெரிக்காவில் 1991 முதலும், கனடாவில் 1999 முதலும் நாடளாவிய ரீதியில் தடைசெய்யப்பட்டது. வாத்து வேட்டைக்காக நிரப்புவோர் இயந்திரம் உருக்குச் சன்னத்துக்கு ஏற்றதா என்பதைக் கேட்டறிய வேண்டும். ஈயத்துக்கான மருந்தளவையும் அடைப்பையும் உருக்குக்குப் பாவிக்கவே கூடாது.

செலவுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். சாதாரண 12 போர் தோட்டா கடையில் மலிவாகக் கிடைக்கும் காலத்தில் மீள நிரப்புவதால் மிச்சம் சொற்பமே. 28 போர், 410 போன்ற சிறிய அளவுகளிலேயே மிச்சம் தெரியும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

மேசையில் ஒரே நேரத்தில் ஒரு வகை மருந்து மட்டுமே இருக்க வேண்டும். மருந்தளவை, அதைத் தயாரித்த நிறுவனத்தின் கைநூலில் உள்ளபடியே எடுக்க வேண்டும். கோது, பிரைமர், அடைப்பு ஆகியவற்றில் ஒன்றை மாற்றினாலும் அழுத்தம் மாறும். 20 போர் தோட்டா 12 போர் துவக்கின் அறைக்குள் நழுவிக் குழலை அடைத்துவிடும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் பிளக்கும். 20 போர் கோது மஞ்சள் நிறத்தில் வருவது இதற்காகத்தான். இரண்டையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் உணவைத் தொடக் கூடாது. அந்த அறையில் சிறு பிள்ளைகளை விடவும் கூடாது. ஈயத்தூசு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

ஊருக்கு அனுப்பலாமா?

கூடாது. இலங்கையில் துவக்கும் தோட்டாவும் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்துக்கும், வெடிமருந்து 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்துக்கும் உட்பட்டவை. பயிர்க் காவலுக்கான துவக்கு அனுமதிப்பத்திரம் தோட்டா தயாரிக்கும் உரிமையைத் தராது. அண்ணனின் வயலில் பன்றி இறங்குகிறது என்று இரக்கப்பட்டு இயந்திரத்தையோ பிரைமரையோ பொதியில் வைத்து அனுப்பினால், விசாரணைக்கு முகம்கொடுக்கப் போவது ஊரில் அதைப் பெறுபவர்தான். வடக்கு கிழக்கில் அத்தகைய விசாரணை ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை நம் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

தீக்குச்சி மருந்தையும் பட்டாசு மருந்தையும் வெற்றுக் கோதுக்குள் அடைப்பது இதைவிட மோசம். அவை அளவோடு எரியும் துவக்கு மருந்தல்ல. இடியன் துவக்கும் கட்டுத்துவக்கும் பன்றிக்கு முன் மனிதரின் காலைப் பறித்த ஊர்கள் நம்மிடம் உண்டு. அதேபோல், காணி துப்புரவாக்கும்போது மண்ணில் வெளிப்படும் தோட்டாவையோ கோதையோ வெறுமையானது என்று எண்ணிக் கையில் எடுக்காதீர்கள். இடத்தை அடையாளப்படுத்திவிட்டு விலகி வந்து, கிராம அலுவலருக்கோ கண்ணிவெடி அகற்றும் பணியாளருக்கோ அறிவியுங்கள்.