வாசலுக்கு ஒரு தேக்கு பெஞ்சு

குன்றக்குடியில் எங்கள் வீட்டு வாசலில் போட ஒரு பெஞ்சு தேடிக்கொண்டிருக்கிறேன். போன தடவை தேக்கு என்று நம்பி வாங்கியது இரண்டே மழைக்காலத்தில் கரையானுக்குப் போனது. வார்னிஷைச் சுரண்டிப் பார்த்த ஆசாரி, "சார், இது பூரா வெள்ளை. வைரம் எங்கே இருக்கு?" என்றார். தேக்கைக் காக்கும் எண்ணெய் வைரத்தில்தான் உண்டு. வெளிப்புறத்து வெள்ளை மரத்தைக் கரையான் விடாது. இத்தனை வருஷம் வரலாறு நடத்தியும் எனக்கு இது தெரியவில்லை!

இந்தத் தடவை ஆசாரியையும் கூட்டிக்கொண்டு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். பிரித்த செட்டிநாட்டு வீடுகளின் கதவு, நிலை, தூண் எல்லாம் அங்கே விற்பனைக்கு வரும். பெரும்பாலும் பர்மாத் தேக்கு.

அந்த மரம் வந்த கதை பெரிது. 1852-ல் ஆங்கிலேயர் கீழ்ப்பர்மாவைப் பிடித்த பிறகு நகரத்தார் அங்கே போய் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தார்கள். அந்த லாபத்தில் இங்கே வீடுகள் எழும்பின. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் காட்டில் மரத்தைச் சுற்றிப் பட்டையோடு வெள்ளையையும் வெட்டி, நின்றபடியே இரண்டு மூன்று வருஷம் காயவிடுவார்கள். பிறகு வீழ்த்தி, யானையை வைத்து ஓடைக்கு இழுப்பார்கள். மழை வெள்ளம் ஆற்றில் சேர்க்கும். அங்கிருந்து தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்கு. அப்புறம்தான் கப்பல்.

இங்கேயும் அந்தத் தூணை வெறுந்தரையில் நட்டுவிடவில்லை. சாரல் படும் இடத்தில் கருங்கல் பாதத்தின் மேல் நிறுத்தினார்கள். மரம் அறுத்த முனை வழியாகத்தான் அதிகம் ஈரம் குடிக்கும்.

1930களின் மந்தத்தில் கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு! நிலத்தை இழந்தவன் வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான். 1948-ல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் போட்டது. இங்கே மாளிகை நின்றது, வருமானம் நின்றுபோனது. பங்காளிகள் பெருகப் பெருக, பல வீடுகள் பிரித்து விற்கப்பட்டன.

கடைக்காரர் ஒரு முழுத் தூணைக் காட்டி, "அறுத்துப் பெஞ்சாக்கித் தர்றேன் சார்" என்றார். எனக்கு மனசு வரவில்லை. ஏற்கெனவே அறுபட்டுக் கிடந்த உத்திரக் கட்டைகளை எடுத்துக்கொண்டேன். வெயிலில் சாம்பல் பூக்கும், அது பழுதில்லை என்கிறார் ஆசாரி. திங்கட்கிழமை வேலை தொடங்குகிறார். கால்களுக்கு அடியில் வைக்க நாலு கருங்கல் துண்டு இன்னும் கிடைக்கவில்லை.