வெள்ளைத் திரையும் ஓரத்து நாற்காலியும்

சினிமாக் கொட்டகையிலிருந்து வெளியே வருகிறவர்களின் பேச்சைச் சற்றுக் காது கொடுத்துக் கேளுங்கள். கதையைப் பற்றிப் பேசுவார்கள். பாட்டைப் பற்றிப் பேசுவார்கள். கதாநாயகி உடுத்தியிருந்த புடவையைப் பற்றிக்கூடப் பேசுவார்கள். மூன்று மணி நேரம் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்த திரையைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். வெறும் வெள்ளைத் துணிதானே, அதில் பேச என்ன இருக்கிறது என்று நமக்கு எண்ணம். ஆனால் ஒரு மேடைக்கு எந்தத் திரையை வாங்கிக் கட்டுவது என்று தீர்மானிக்கிறவர், தம்மையறியாமலே வேறொன்றையும் தீர்மானித்துவிடுகிறார். வந்திருப்பவர்களில் யாருக்குப் படம் நன்றாகத் தெரியவேண்டும், யாருக்குத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை என்பதே அது. திரையின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், பக்கத்துக்குப் பக்கம் இந்தக் கேள்விதான் எட்டிப் பார்க்கிறது.

சினிமா வருவதற்கு வெகுகாலம் முன்பே திரை நமக்குப் பழக்கமானது. தோல்பாவைக் கூத்துக்காரர்கள் கழிகளை நட்டு, வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, பின்னால் விளக்கேற்றி வைத்து ராமனையும் ராவணனையும் ஆடவிட்டார்கள். விளக்கும் பாவையும் அந்தப்புறம், ஜனங்கள் இந்தப்புறம். வெளிச்சம் ஊடுருவி வரவேண்டுமாதலால் துணி மெல்லியதாக இருக்கவேண்டும். ஆரம்பகாலத்துச் சினிமாக்காரர்களில் சிலரும் இந்த வழியையே பின்பற்றினார்கள். மெல்லிய துணியைத் தண்ணீரில் நனைத்துவிட்டால் வெளிச்சம் இன்னும் தாராளமாகக் கசிந்து வரும். அப்போது திரையின் இரண்டு பக்கத்திலும் ஆட்களை உட்காரவைத்துக் காசு வாங்கலாம்!

டச்சுக்காரர் ஆட்சியில் ஜாவாத் தீவில் அப்படித்தான் நடந்தது. வெள்ளைக்காரர்கள் திரைக்கு முன்னால்; உள்ளூர் ஜனங்களில் பலர் திரைக்குப் பின்னால். பின்னால் இருந்தவர்களுக்கு எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறித் தெரியும். வலது கையால் கத்தி வீசுகிற வீரன் அவர்களுக்கு இடதுகைக்காரனாகிவிடுவான். ஒரே துணி, ஒரே படம். ஆனால் நிறத்துக்கும் காசுக்கும் தக்கபடி இரண்டு பக்கம்.

நம் தேசத்தில் 1896-ஆம் வருஷம் ஜூலை 7-ஆம் தேதி, பம்பாய் வாட்ஸன் ஹோட்டலில் லூமியேர் சகோதரர்களின் படங்கள் காட்டப்பட்டன. சில மாதங்களுக்குள்ளாகவே சென்னைக்கும் சலனப்படம் வந்து சேர்ந்தது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அருகிலுள்ள விக்டோரியா பப்ளிக் ஹாலில் அந்தக் காட்சிகள் நடைபெற்றன. அதே மண்டபத்தில்தான் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையார் நாடகங்களை அரங்கேற்றி வந்தார்கள். அரண்மனையும் நந்தவனமும் எழுதிய சீன்கள் தொங்கிய மேடை, ஒன்றுமே எழுதாத ஒரு துணிக்கும் இடம் கொடுத்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாடகம் என்றால் முன்வரிசைதான் பெரிய மனிதர்களுக்கு. நடிகரின் முகபாவத்தையும் பாட்டின் நெளிவு சுளிவையும் அனுபவிக்க அருகில் இருக்கவேண்டும். சினிமாத் திரை வந்ததும் இந்த மரியாதை தலைகீழாகிவிட்டது. திரைக்கு மிக அருகில் இருந்தால் கழுத்து வலிக்கும், உருவங்கள் கோணலாகும். ஆகவே பெரிய மனிதர்கள் பின்னுக்குப் போனார்கள். தரை டிக்கெட்டுக்காரர்கள் முன்னுக்கு வந்தார்கள். ஏழையை முதல் வரிசைக்குக் கொண்டுவந்த பெருமை அந்த வெள்ளைத் துணிக்கு உண்டு. அவன் கழுத்து வலிக்குக் காரணமும் அதுதான்.

பட்டணத்துக்கு வெளியே திரையைக் கொண்டுபோனவர்களில் முதலில் நினைக்கவேண்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த இளைஞர். 1905-இல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படச் சுருள்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டுவிட்டார். பின்னால் கோயமுத்தூரில் அவர் கட்டிய வெரைட்டி ஹால் இன்றும் ஒரு தெருவின் பெயரில் வாழ்கிறது. அவர் காலத்திலேயே அப்துல்லாலி ஈசூஃபல்லி என்பவர் பர்மா, சிங்கப்பூர், இலங்கை என்று கூடாரத்தோடு சுற்றினார். நூறு அடி நீளமும் ஐம்பது அடி அகலமும் உள்ள அந்தக் கூடாரத்தில் ஆயிரம் பேர் அடைந்து உட்காரலாமாம்.

ஆயிரம் பேருக்குப் பெரிய திரை கட்டினால் என்ன என்று தோன்றும். அங்கேதான் கணக்கு குறுக்கே வந்து நிற்கிறது. 12 அடி அகலம், 9 அடி உயரம் உள்ள திரையின் பரப்பு 108 சதுர அடி. அதை 24-க்கு 18 ஆக்கினால் 432 சதுர அடி. விளக்கு அதே விளக்கு; ஆகவே பளிச்சென்றிருந்த படம் கால்பங்கு வெளிச்சத்துக்கு மங்கிவிடும். கடைசி வரிசை திரையின் அகலத்தைப் போல் ஆறு மடங்குக்கு மேல் தள்ளியிருக்கக் கூடாது, முதல் வரிசை இரண்டு மடங்குக்குள் நெருங்கக் கூடாது என்று பிற்காலத்தில் ஒரு பொதுவிதி வகுத்தார்கள். டிக்கெட் விற்கிற ஆவலில் இந்த விதியை மதித்தவர்கள் குறைவு.

1931-இல் படம் பேசத் தொடங்கியது. அக்டோபர் 31-ஆம் தேதி சென்னை கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' வெளியாயிற்று. பேச்சு நடிகரின் வாயிலிருந்து வருவதுபோல் இருக்கவேண்டுமானால் ஒலிபெருக்கி திரைக்குப் பின்னால் இருக்கவேண்டும். கனத்த திரையோ குரலைப் போர்வை போட்டு மூடிவிடும். ஆகவே திரை முழுவதும் ஊசித் துளைகளைப் போட்டார்கள். அந்தத் துளைகளின் வழியே கொஞ்சம் வெளிச்சம் நஷ்டமாகிறது. பதிலுக்குக் குரல் கிடைக்கிறது. திரை சம்பந்தப்பட்ட எந்தத் தீர்மானமும் இப்படித்தான்: ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுப்பது.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் மிகவும் நுட்பமானது திரையின் மேற்பூச்சு. இதைப் புத்தகத்தில் படிப்பதைவிட மரக்காணத்து உப்பளத்தில் பார்ப்பது சுலபம். மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகிற சாலையில் கூனிமேடு என்ற ஊர் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கம்பெனியார் பண்டகசாலை வைத்திருந்த பழைய துறை அது. அந்தப் பக்கத்துக் கரையில் வெயில் நேரத்தில் நின்று பாருங்கள். பாத்தியில் தேங்கி நிற்கும் உப்புநீர் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்பவனின் கண்ணைப் பறிக்கும். பத்தடி தள்ளிப் போனால் அதே நீர் சாதாரணமாகிவிடும். வாரிக் குவித்த உப்பு அம்பாரம் அப்படியில்லை. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே வெண்மை.

திரைகளிலும் இந்த இரண்டு ஜாதி உண்டு. மங்கலான வெள்ளைப் பூச்சுத் திரை உப்பு அம்பாரத்தைப் போன்றது. கிடைத்த வெளிச்சத்தை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கும். அலுமினியப் பொடி கலந்து பூசிய வெள்ளித் திரை உப்புநீரைப் போன்றது. நடுவில் இருப்பவர்களுக்கு அள்ளிக் கொடுக்கும், ஓரத்தில் இருப்பவர்களைக் கைவிட்டுவிடும். 'வெள்ளித்திரை' என்று நாம் செல்லமாகச் சொல்கிறோமே, அதன் உள்ளே இப்படி ஓர் ஓரவஞ்சனை ஒளிந்திருக்கிறது. அந்தத் திரை புதிதாக வெளிச்சம் எதையும் உண்டாக்குவதில்லை. ஓரத்துக்காரரின் பங்கை எடுத்து நடுவில் இருப்பவருக்குத் தருகிறது, அவ்வளவுதான். விளக்கு பலவீனமாக இருந்த காலத்தில் இந்தத் தந்திரம் தேவைப்பட்டது. கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்கும் படங்களுக்கு இன்றும் தேவைப்படுகிறது. 1984-இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' போன்ற முப்பரிமாணப் படங்கள் வந்தபோது வெள்ளித் திரைக்கு மறுவாழ்வு கிடைத்தது.

1953-இல் அமெரிக்காவில் 'தி ரோப்' என்ற படத்தோடு சினிமாஸ்கோப் வந்தது. தமிழில் அந்த முறையில் வந்த முதல் படம் 1973-இல் வெளியான 'ராஜராஜ சோழன்'. அகலத்திரை என்ற பெயரைக் கேட்டாலே மனம் விரிகிறது. ஆனால் பழைய நாடகக் கொட்டகையாக இருந்து சினிமாவுக்கு மாறிய இடங்களில் மேடையின் முகப்பு விரியவில்லையே! 24 அடி அகல முகப்பில் பழைய படம் பதினேழரை அடி உயரம் நின்றது. அதே முகப்பில் ஸ்கோப் படம் பத்தடி உயரத்துக்குச் சற்று மேல் குனிந்துதான் நின்றாகவேண்டும். சுவரை இடிக்க வசதியுள்ளவர்களுக்கு அகலத்திரை. மற்றவர்களுக்கு அது குட்டைத்திரை.

இப்போது படச்சுருள் மறைந்து டிஜிட்டல் காலம் வந்திருக்கிறது. சபா மேடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் தானே ஒளிவிடும் எல்.ஈ.டி. பலகைகள் நிற்கின்றன. மேடை விளக்கு மேலே விழுந்தாலும் அவை எளிதில் வெளுத்துப் போவதில்லை; ஓரத்தில் இருப்பவர்களுக்கும் ஓரளவு நன்றாகவே தெரிகின்றன. ஆனால் அவற்றின் வழியே குரல் புகுவது அரிது. ஒலிபெருக்கி பக்கவாட்டுக்குப் போய்விடுகிறது. வாய் ஓரிடம், பேச்சு ஓரிடம். மறுபடியும் அதே கொடுக்கல் வாங்கல்.

ஆகவே, ஊரில் ஒரு மேடைக்குத் திரை வாங்குவதாக இருந்தால், கமிட்டியார் விலைப்பட்டியலை எடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யவேண்டும். காலியான மண்டபத்தில் கடைசி வரிசையில் இடதுகோடி நாற்காலியில் ஒருவரும், முதல் வரிசையில் வலதுகோடியில் ஒருவரும் போய் உட்காரட்டும். மாதிரித் துண்டைத் தொங்கவிட்டு வெளிச்சத்தைப் பாய்ச்சட்டும். அந்த இருவரும் தெரிகிறது என்று சொன்னால் போதும். நடுநாற்காலிக்காரரைக் கேட்கவே வேண்டாம். அவருக்கு எந்தத் திரையிலும் தெரியும்.