ஒன்பது அடி நடந்து செத்த கடவுள்

முதலில் அட்டைப் படத்தைப் பாருங்கள். கொந்தளிக்கும் கடல். வாயைப் பிளந்து நிற்கும் ஒரு ராட்சதப் பாம்பு. அதற்கு எதிரே சுத்தியலை ஓங்கியபடி தாடிக்காரர் ஒருவர். டாம் தீல் வரைந்த இந்த ஓவியத்தோடு 2008 செப்டம்பரில் வெளிவந்தது அமோன் அமார்த் என்ற ஸ்வீடன் இசைக்குழுவின் ஏழாவது ஆல்பம், 'ட்வைலைட் ஆஃப் த தண்டர் காட்'. இடிக்கடவுளின் அந்திப்பொழுது. பத்துப் பாட்டு, முக்கால் மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு.

நான் இதை முதன்முதலாக ஃபோன் ஸ்பீக்கரில் போட்டபோது பக்கத்து அறையிலிருந்து அம்மா கேட்டது: "யாருக்குடா உடம்பு சரியில்ல?" அம்மாவைக் குறை சொல்ல முடியாது. டெத் மெட்டலில் பாடகர் பாடுவதில்லை, உறுமுகிறார். யோஹான் ஹெக்கின் குரல் தொண்டையின் அடியாழத்திலிருந்து கரடி மாதிரி வரும். ஆனால் அந்த உறுமலுக்கு மேலே இரண்டு கிட்டார்கள் கைகோத்துக்கொண்டு ஒரு மெட்டை வாசித்துக்கொண்டே போகும். குளித்துவிட்டு வரும்போது நம் வாய் தானாக முணுமுணுக்கிற அளவுக்கு நல்ல மெட்டு. 'மெலோடிக்' என்ற அடைமொழி வந்தது அதனால்தான். அம்மாவே ஒருநாள் அதை முணுமுணுத்ததைக் கேட்டேன். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சரி, யார் அந்தத் தாடிக்காரர்? தோர். நார்ஸ் புராணத்தின் இடிக்கடவுள். அந்தப் பாம்பின் பெயர் யோர்முங்காண்டர். உலகத்தையே சுற்றி வளைத்துத் தன் வாலைத் தானே கவ்விக்கொண்டு கடலுக்கடியில் கிடப்பது. உலகம் அழியும் நாளான ராக்னரோக்கில் அது கரையேறி வரும். தோர் அதைக் கொல்வார். கொன்றுவிட்டு ஒன்பது அடி நடப்பார். பிறகு பாம்பின் விஷம் ஏறி விழுந்து சாவார். ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு இந்தக் காட்சிதான்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது கொலை இல்லை, அந்த ஒன்பது அடிதான். ஜெயித்தவர் நடக்கிறார், ஆனால் அவர் ஏற்கெனவே செத்துவிட்டார். அவதாரம் முடிந்து வைகுண்டம் திரும்பும் கடவுள்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு, திரும்பிப் போக இடமில்லாத ஒரு கடவுள் கொஞ்சம் புதுசு. இந்தக் கடவுள்களுக்குத் தங்கள் முடிவு முன்கூட்டியே தெரியும். தெரிந்தேதான் சண்டைக்குப் போகிறார்கள்.

இந்தக் கதை நமக்கு எப்படிக் கிடைத்தது? இங்கேதான் வரலாறு சுவாரஸ்யமாகிறது. இதை எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் ஸ்நோரி ஸ்டுர்லுசன். ஐஸ்லாந்துக்காரர். அரசியல்வாதி, நிலப்பிரபு, கவிஞர். முக்கியமாக, கிறிஸ்தவர். ஐஸ்லாந்து கி.பி. 1000 வாக்கிலேயே மதம் மாறிவிட்டது. ஸ்நோரி தன் 'எட்டா' நூலை எழுதியது 1220 வாக்கில், அதாவது தோரை யாரும் கும்பிடாமல் போய் இருநூறு ஆண்டுகள் கழித்து.

கும்பிடாத கடவுளைப் பற்றி ஒருவர் எதற்காக இவ்வளவு மெனக்கெட்டு எழுத வேண்டும்? கவிதைக்காக. பழைய நார்ஸ் கவிஞர்கள் தங்கத்தைத் தங்கம் என்று சொல்ல மாட்டார்கள். 'ஃப்ரேயாவின் கண்ணீர்' என்பார்கள், 'சிஃப்பின் கூந்தல்' என்பார்கள். ஃப்ரேயா ஏன் அழுதாள், சிஃப்பின் கூந்தலுக்கு என்ன ஆயிற்று என்ற கதை தெரியாவிட்டால் பாட்டு புரியாது. இளம் கவிஞர்களுக்குப் பழைய கதைகள் மறந்துபோய்க்கொண்டிருந்தன. ஆகவே அவர்களுக்காக எழுதப்பட்ட ஒரு கையேடு அது. நம்மூர் நிகண்டும் அணியிலக்கணமும் கதைத் தொகுப்பும் சேர்ந்த மாதிரி ஒன்று. நம்பிக்கை போன பிறகு மொழிக்காகக் காப்பாற்றப்பட்ட கடவுள்கள் இவர்கள்.

ஸ்நோரியின் முடிவும் நல்லதாக இல்லை. நார்வே மன்னரின் பகையைச் சம்பாதித்துக்கொண்டவர், 1241இல் தன் வீட்டு நிலவறையில் ஒளிந்திருந்தபோது கொல்லப்பட்டார்.

'அந்திப்பொழுது' என்ற சொல்லும்கூட ஸ்நோரி வழியாக வந்ததுதான். பழைய பாடல்களில் ராக்னரோக் என்பதற்குப் பொருள் 'தெய்வங்களின் விதி'. ஸ்நோரி ஓர் எழுத்து மாற்றத்தோடு அதைத் 'தெய்வங்களின் அந்தி' என்று எழுதினார். 1876இல் ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னர் அந்தச் சொல்லையே தன் ஓப்பராவுக்குத் தலைப்பாக்கினார். அந்த நிகழ்ச்சிக்கு உடைகளை வடிவமைத்த கார்ல் எமில் டோப்ளர்தான் வைக்கிங் தலையில் கொம்பு முளைக்கப் பெரிய காரணம். உண்மையில் வைக்கிங் காலத்துத் தலைக்கவசத்தில் கொம்பு கிடையாது. 1943இல் நார்வேயின் யெர்முண்ட்பூ என்ற இடத்தில் கிடைத்த கவசம் சாதாரண இரும்புத் தொப்பி மாதிரிதான் இருக்கும். டென்மார்க்கில் கொம்பு வைத்த கவசங்கள் கிடைத்தது உண்மை. ஆனால் அவை வெண்கலக் காலத்தவை, வைக்கிங்குகளுக்கு ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் மூத்தவை.

அமோன் அமார்த் 1992இல் தொடங்கியது தும்பா என்ற ஊரில். ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே உள்ள புறநகர். அந்த ஊர் பேர் போனது வேறு விஷயத்துக்கு. 1755இலிருந்து ஸ்வீடனின் ரூபாய் நோட்டுக்கான காகிதம் தயாரித்த ஆலை அங்கேதான் இருக்கிறது. வீரயுகம் எதுவும் இல்லாத ஊர். குழுவின் பெயர் டோல்கீனுடைய கற்பனை மொழியில் ஓர் எரிமலையின் பெயர். அந்த டோல்கீனோ தன் குள்ளர்களுக்கான பெயர்களைப் பழைய ஐஸ்லாந்துப் பாட்டிலிருந்து எடுத்தவர். சுற்றிச் சுற்றி எல்லாம் ஒரே கிணற்றுத் தண்ணீர்தான்.

மெட்டலில் வைக்கிங்கைக் கொண்டுவந்ததில் முன்னோடி என்றால் இன்னொரு ஸ்டாக்ஹோம் குழுவைத்தான் சொல்ல வேண்டும்: பாதோரி. அதன் மூளையான குவார்தன் 1988இல் 'பிளட் ஃபயர் டெத்', 1990இல் 'ஹேமர்ஹார்ட்' ஆகியவற்றை வெளியிட்டார். கடவுளுக்கு எதிரி சாத்தான் என்று பாடிக்கொண்டிருந்தவர், சாத்தானும் கிறிஸ்தவத்தின் சரக்குதானே என்று யோசித்து அதற்கு முந்தைய தெய்வங்களிடம் போனார். அதே சமயம் ஸ்டாக்ஹோமில் என்டூம்ட் போன்ற குழுக்கள் டெத் மெட்டலுக்கு ரம்பம் அறுக்கிற மாதிரியான ஒரு கிட்டார் ஒலியைக் கண்டுபிடித்திருந்தன. மேற்கே கோதன்பர்க் நகரத்தில் அட் த கேட்ஸ், டார்க் ட்ராங்க்விலிட்டி, இன் ஃப்ளேம்ஸ் ஆகியோர் 90களின் நடுவில் அதில் மெட்டைச் சேர்த்தார்கள். இந்த மூன்று ஓடையும் வந்து கலந்த இடம் என்று 2008 ஆல்பத்தைச் சொல்லலாம். ஓரெப்ரோ நகரில் யென்ஸ் போக்ரென் தயாரித்தது. 'கார்டியன்ஸ் ஆஃப் ஆஸ்கார்ட்' பாட்டில் என்டூம்ட் பாடகர் எல்.ஜி. பெத்ரோவ் ஹெக்கோடு சேர்ந்து உறுமுகிறார். பெத்ரோவ் 2021இல் புற்றுநோயில் இறந்துபோனார். அதன் பிறகு அந்தப் பாட்டை என்னால் பழைய மாதிரி கேட்க முடிவதில்லை.

ஆல்பத்தின் ஐந்தாவது பாட்டு புராணத்தை விட்டுவிட்டு நேரே வரலாற்றுக்குள் இறங்குகிறது. 'வர்யாக்ஸ் ஆஃப் மிக்ளகார்ட்'. மிக்ளகார்ட் என்றால் பெரிய நகரம், கான்ஸ்டாண்டிநோபிளுக்கு வடக்கத்தியர் வைத்த பெயர். 988 வாக்கில் உள்நாட்டுக் கலகத்தில் சிக்கியிருந்த பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் பாசிலுக்குக் கீவ் இளவரசர் விளாதிமிர் 6,000 வீரர்களை அனுப்பினார். அந்தப் படைதான் பிறகு பேரரசரின் மெய்க்காவல் படையானது. வரங்கியர் படை. அவர்களில் ஒருவன் ஹாகியா சோஃபியாவின் மாடத்தில், பூசை நேரத்தில் போரடித்ததோ என்னவோ, பளிங்குக் கைப்பிடிச் சுவரில் ரூன் எழுத்தில் கிறுக்கி வைத்தான். 1964இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தக் கிறுக்கலில் இன்று தெளிவாகப் படிக்க முடிவது ஒரு பெயர்: ஹால்ஃப்தான். கல்லில் பெயர் கிறுக்குவது நம்மூர்க் கோயில் தூண்களோடு முடிந்துவிடுகிற பழக்கம் இல்லை போல.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்காவது பாட்டுக்கு வந்தால் எனக்குச் சங்கடம் தொடங்குகிறது. 'வேர் இஸ் யுவர் காட்?' உன் கடவுள் எங்கே என்று தாக்கப்படுகிறவனைப் பார்த்துக் கேட்கும் பாட்டு. வேகமான, வெறியேற்றுகிற பாட்டு. தலை தானாக ஆடும். ஆனால் அந்தக் கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது? 793இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தில் வெட்டப்பட்ட துறவிகளிடம். 821இல் டப்ளின் அருகே ஹௌத் பகுதியிலிருந்து ஏராளமான பெண்களை வைக்கிங்குகள் சிறைபிடித்துப் போனதாக அயர்லாந்து ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. அந்தப் பெண்களிடம்.

வைக்கிங் பொருளாதாரத்தில் வாளுக்கு எவ்வளவு இடமோ அவ்வளவு இடம் அடிமைச் சந்தைக்கும் உண்டு. 1999இல் ஸ்வீடனின் கோட்லாந்து தீவில் 67 கிலோ வெள்ளி தோண்டி எடுக்கப்பட்டது. அதில் 14,000க்கும் மேற்பட்ட நாணயங்கள், பெரும்பாலும் அரபு திர்ஹம்கள். கிழக்கே அவ்வளவு வெள்ளி எதற்குக் கைமாறியது? விலங்குத் தோலுக்கும் மனிதர்களுக்கும். இந்த ஆல்பத்தில் வாள் உண்டு, கப்பல் உண்டு, மதுக்கொம்பு உண்டு. அந்தச் சந்தைக்கு ஒரு பாட்டு இல்லை.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. தோரின் சுத்தியலும் ரூன் எழுத்தும் இருபதாம் நூற்றாண்டில் யார் யார் கைக்குப் போயின என்பது நமக்குத் தெரியும். நாஜிகள் ரூன் எழுத்தை எஸ்எஸ் படையின் சின்னமாக்கினார்கள். ஒரு படைப்பிரிவுக்கே 'வீக்கிங்' என்று பேர் வைத்தார்கள். இன்றும் இனவெறிக் கும்பல்கள் அந்தச் சுத்தியலைப் பச்சை குத்திக்கொண்டு திரிகின்றன. சுத்த ரத்தம், வடக்கின் வீரம், இன்ன பிற.

சுத்த ரத்தமாவது ஒண்ணாவது! 2020இல், பெரும்பாலும் வைக்கிங் காலத்தைச் சேர்ந்த 442 பேரின் எலும்புகளிலிருந்து மரபணுவை எடுத்து ஆராய்ந்தார்கள். ஸ்காண்டிநேவியாவுக்குள்ளேயே தெற்கு ஐரோப்பிய, ஆசிய வம்சாவளிகள் கலந்திருந்தன. ஸ்காட்லாந்தின் ஓர்க்னி தீவுகளில் வைக்கிங் முறைப்படி வாளோடு புதைக்கப்பட்டிருந்த இரண்டு பேரிடம் ஸ்காண்டிநேவிய ரத்தமே இல்லை. உள்ளூர்க்காரர்கள். ஆக, வைக்கிங் என்பது பிறப்பால் வருகிற விஷயமாகக்கூட இல்லை. செய்கிற தொழிலும் வாழ்கிற விதமும்தான்.

ஐஸ்லாந்தில் முதலில் குடியேறிய பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் பூர்வீகம் பிரிட்டன், அயர்லாந்துத் தீவுகள் என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. அவர்களில் பலர் அடிமைகளாக வந்தவர்கள். இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். உன் கடவுள் எங்கே என்று கேட்கப்பட்ட பெண்களின் பேரப்பிள்ளைகள்தான் தலைமுறைகள் கழித்துக் கன்றுத் தோலில் மசி தொட்டுத் தோரின் கதையை எழுதி வைத்தார்கள். ஒன்பது அடி நடந்த கடவுளை அடுத்த ஆயிரம் ஆண்டுகளுக்கு நடக்க வைத்தது அவர்கள்தான்.

அப்படியென்றால் இந்த ஆல்பத்தைக் கேட்பதை விட்டுவிட வேண்டுமா? நான் விடவில்லை. விடாததற்குக் காரணம் அதன் கடைசிப் பாட்டு. 'எம்ப்ரேஸ் ஆஃப் த எண்ட்லெஸ் ஓஷன்'. வேகமெல்லாம் அடங்கி, கனத்து, மெதுவாக வருகிற பாட்டு. ஊர் திரும்பும் ஆசையோடு கப்பலேறிய ஒருவன் வழியிலேயே கடலில் மூழ்குகிறான். எதிரி இல்லை, வாள் இல்லை. முதல் பாட்டில் செத்தது கடவுள். கடைசிப் பாட்டில் சாகிறவன் பெயர் தெரியாத ஓர் ஆள்.

ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே வல்லெந்துனா தேவாலயத்தில் ரூன் எழுத்துப் பொறித்த ஒரு கல் இருக்கிறது. கடலில் மூழ்கி இறந்தவனுக்காக வீட்டார் எழுப்பியது. கப்பல் போயிற்று, கூட இருந்தவர்களில் மூன்றே பேர் தப்பினார்கள் என்பது அதன் செய்தி. அதே வட்டாரத்தில் கிரேக்க நாட்டில் செத்துப்போனவர்களுக்கான கற்களும் நிறைய உண்டு. நம் நடுகற்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஆனால் நடுகல் பெரும்பாலும் வீரன் விழுந்த இடத்தைக் காட்டும். வல்லெந்துனா கல்லுக்குக் காட்ட இடமே இல்லை. உடல் கடலில், கல் ஊரில்.

தும்பாவின் பையன்கள் அந்தக் கல்லை நினைத்துத்தான் அந்தப் பாட்டை எழுதினார்களா என்பது முக்கியமில்லை. நான் அந்தப் பாட்டைக் கேட்கும்போது அந்தக் கல்தான் ஞாபகம் வருகிறது. கொம்பு வைத்த தொப்பியும் சுத்த ரத்தமும் பேசுகிறவர்கள் கையில் இல்லாத ஒரு வைக்கிங் காலம் அங்கே இருக்கிறது. வராத ஆளுக்காக வீட்டில் காத்திருந்தவர்களின் காலம்.

முதல் பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் கேட்பார்கள். ஆனால் கடைசிப் பாட்டுக்கு முன்னால் எழுந்துபோய்விடாதீர்கள்.