மஞ்சள், சவர்க்காரம், றப்பர்: சப்ரகமுவத் தோட்டங்களிற் சருமப் பூச்சுகளின் சேர்மானம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மலையக மக்களின் பொருளியல் வரலாற்றினை எழுதியோர் அரிசி, தேயிலை, சாராயம் முதலிய பண்டங்களைப் பற்றி ஓரளவு விரிவாகவே பேசியுள்ளனர். அம்மக்கள் தமது உடலிற் பூசிக்கொண்ட பண்டங்களைப் பற்றி அவ்வாறு பேசினாரில்லை. பெண்களின் அலங்காரம் ஆய்வுக்குரிய விடயமன்று என்ற மனோபாவம் இதற்கு ஒரு காரணம். வர்க்கப் போராட்டத்தின் வரலாறு கூலியோடும் வேலைநிறுத்தத்தோடும் முடிந்துவிடுகின்றது எனக் கருதும் எமது முற்போக்காளரின் குறுகிய நோக்கு மற்றொரு காரணம். இக்கட்டுரையாளரும் நெடுங்காலம் அந்நோக்கிலிருந்து விடுபட்டவரல்லர்.

சருமப் பூச்சொன்றில் என்னென்ன சேர்ந்துள்ளன என்ற வினா இன்று நுகர்வோனின் வினாவாகவே கேட்கப்படுகின்றது. எது நல்லது, எது தீங்கானது, எது மலிவானது என்ற ஒப்பீட்டோடு அது நின்றுவிடும். கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களை மனத்திற்கொண்டு அதே வினாவை எழுப்புவோமாயின், அது உற்பத்தி பற்றிய வினாவாக மாறிவிடுகின்றது. ஏனெனில் இத்தோட்டங்களின் மக்கள் பூச்சுப் பொருள்களை வாங்குவோர் மட்டுமல்லர்; அப்பொருள்களை ஈன்ற உலகத் தொழில்துறையின் அடித்தளத்தில் உழைத்தோருமாவர்.

சப்ரகமுவவின் தனித்தன்மை றப்பராகும். 1876 இல் ஹெனரத்கொடைக்கு வந்த றப்பர் நாற்றுகள் இருபதாம் நூற்றாண்டின் முதற் தசாப்தத்திற் களனிப் பள்ளத்தாக்கெங்கும் தோட்டங்களாகப் பரவின. களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை 1903 இல் யட்டியாந்தோட்டையையும் 1912 இல் இரத்தினபுரியையும் அடைந்தது. நுவரெலியாவின் கொழுந்துக் கூடையைக் கொண்டே மலையகம் முழுவதையும் கற்பனை செய்வோர், பால்வாளியோடு விடியுமுன் மரத்தடிக்குச் செல்லும் இத்தொழிலாளரைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

தமிழகத்திலிருந்து வந்தோர் கொண்டுவந்த பூச்சுமுறை எண்ணெயும் மஞ்சளும் ஆகும். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்க்குமின் நீரிற் கரைவது அரிது, எண்ணெயிற் கரையும். எனவே எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்த வழக்கத்திற்கு ஓர் இரசாயன நியாயம் உண்டு. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர அது சிவக்கும்; குங்குமம் அவ்வாறு பெறப்பட்டதே. சடங்கு, மருத்துவம், அழகு ஆகிய மூன்றும் பிரிந்து நில்லாத இப்பூச்சின் சேர்மானத்தை, அதனை அரைத்த பெண் முற்றாக அறிந்திருந்தாள். பின்வந்த பூச்சுகள் எவற்றுக்கும் இவ்வியல்பு இல்லை.

ஆயின் இதனை ஓர் இயற்கைப் பொற்காலமாகக் காட்டுவதில் எமக்கு உடன்பாடில்லை. தோட்டத்து மஞ்சள் கொல்லையிற் பறித்தது அன்று. பெரும்பாலும் கடையிற் கடனுக்கு வாங்கியது. 2019 இறுதியில் மஞ்சள் இறக்குமதி தடைசெய்யப்பட்டு விலை பலமடங்கு உயர்ந்தபோது, 'இயற்கைப் பொருள்' எத்துணை விரைவில் ஆடம்பரப் பொருளாகும் என்பதை லயத்துக் குடும்பங்கள் கண்டன. கலப்படமும் உண்டு. வங்காளதேசத்தில் மஞ்சளுக்குப் பொலிவூட்ட ஈயக் குரோமேற்றுச் சேர்க்கப்பட்டமை அண்மைக்கால ஆய்வுகளில் நிறுவப்பட்டுள்ளது. மேலும், நெற்றிப் பொட்டு இப்பிரதேசத்தில் அழகுப் பொருளாக மட்டும் இருந்ததில்லை. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளில் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டனர். 1983 இலும் வன்செயல் தொடர்ந்தது. அத்தகைய நாள்களில் இனத்தை அடையாளங்காட்டும் பொட்டினை அழித்துக்கொள்வது உயிர்காக்கும் செயலாயிற்று.

இரண்டாவது கட்டம் சவர்க்காரத்தினது. 1916 இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இலங்கைத் தோட்டங்களிலே தொடங்கியது. வெறுங்காலின் தோலினூடாகப் புகும் அப்புழு இரத்தச்சோகையையும் உழைப்புக் குறைவையும் உண்டாக்கியமையே துரைமாரின் அக்கறைக்கு அடிப்படை. சுகாதாரம் என்னும் சொல் தொழிலாளரை வந்தடைந்த வழி இதுதான். மலசலகூடமும் குழாய்நீரும் தாமதித்தே வந்தன. சவர்க்காரமோ கடைக்கு முன்னரே வந்துவிட்டது. லீவர் சகோதரர் கம்பனி இலங்கையில் 1938 இல் நிறுவப்பட்டது. சுதேசி நிறுவனம் 1941 இல் தோன்றிச் சந்தனத்தையும் வேம்பையும் முன்னிறுத்தியது. அந்நிய மூலதனத்துக்கு எதிரான தேசிய முதலாளித்துவத்தின் குரலைச் சவர்க்காரத்தின் மணத்திலும் கேட்கலாம் எனின் அது மிகையாகாது. ஆபிரிக்காவிலும் நிகழ்ந்தது இதையொத்ததே. சிம்பாப்வே பற்றி 1996 இல் வெளிவந்த 'லைஃப்போய் ஆண்கள், லக்ஸ் பெண்கள்' என்னும் நூலில் திமொதி பேர்க் அதனை ஆராய்ந்துள்ளார்.

சவர்க்கார உறையிற் பொறிக்கப்படும் 'சோடியம் பாமேற்று' என்பது பாமெண்ணெயைக் காரத்தோடு சேர்த்துப் பெறுவது. சருமத்தின் இயல்பான எண்ணெய்ப்படலத்தை அழுக்கோடு சேர்த்தே அது அகற்றும். விலையுயர்ந்த கட்டிக்கும் மலிவான கட்டிக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு மணமன்று. மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவேயாகும். இந்தியத் தரநியமத்தில் முதலாம் தரத்துக்கு அது 76 சதவீதம், மூன்றாம் தரத்துக்கு 60. அப்பாமெண்ணெயும் தோட்டப் பயிரே. லீவர் கம்பனி 1911 முதல் பெல்ஜியக் கொங்கோவில் அதனைப் பெற்றது கட்டாய உழைப்பினாலாகும். சப்ரகமுவவிலும் றப்பர் பிடுங்கப்பட்ட நிலங்களிற் பிற்காலத்தில் எண்ணெய்ப்பனை நடப்பட்டது. நீர்வளம் வற்றுகின்றது எனக் கிராமத்தவர் எதிர்த்தனர். 2021 ஏப்ரலில் அரசாங்கம் புதிய நடுகையைத் தடைசெய்தது.

மூன்றாவது கட்டமே எமது கவனத்தை மிகவும் வேண்டுவது. இந்தியாவில் 1975 இல் அறிமுகமான 'பெயர் அண்ட் லவ்லி' 2020 இல் 'குளோ அண்ட் லவ்லி' எனப் பெயர் மாறியது. அதன் முதன்மைச் சேர்மானமான நியாசினமைட்டு ஒருவகை உயிர்ச்சத்து. அது பெரிதும் தீங்கற்றது, பயனும் மிதமானதே. வெண்மை என்னும் வாக்குறுதியே அங்கு விற்கப்பட்டது. பெயரற்ற களிம்புகளின் கதை வேறு. பாதரச உப்புகள் கருநிறமியை உண்டாக்கும் நொதியத்தைத் தடைசெய்வதால் தோல் விரைவில் வெளுக்கும். அதே பாதரசம் தோலினூடாகச் சிறுநீரகத்தை அடையும். நைரோபி மருத்துவர்கள் 1972 இலேயே சிறுநீரக நோயாளரிடையே இத்தொடர்பினைக் கண்டு எழுதினர். மினமாற்றா உடன்படிக்கை முதலில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்ற எல்லையை வகுத்தது. 2023 இல் அவ்வெல்லையும் அகற்றப்பட்டு, பாதரசம் சேர்த்த பூச்சுகள் யாவும் 2025 உடன் நிறுத்தப்பட வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது. கலோமெல் என்று எழுதினாலும் அமோனியேற்றிய பாதரசம் என்று எழுதினாலும் பொருள் பாதரசமே. ஒன்றுமே எழுதாத டப்பாவே பெரும்பாலும் ஏழைகளின் கைக்கு வருகின்றது.

மற்றொரு வெளுப்புப் பொருளான ஹைட்ரோகுயினோன் குடும்பத்தின் வரலாறு எம்மை மீண்டும் றப்பருக்கே இட்டுச்செல்கின்றது. ஐக்கிய அமெரிக்காவில் தோல் பதனிடும் ஆலையொன்றிற் பணிபுரிந்த தொழிலாளரின் கைகளில் வெண்திட்டுகள் தோன்றின. ஒலிவர், சுவாட்ஸ், வொறன் ஆகியோர் 1939 இல் அதன் காரணத்தை வெளியிட்டனர். அவர்கள் அணிந்த றப்பர்க் கையுறைகள் விரைவிற் பழுதடையாதிருக்கச் சேர்க்கப்பட்ட ஹைட்ரோகுயினோன் பென்சைல் ஈதரே தோலின் நிறத்தை அழித்திருந்தது. பாதிக்கப்பட்டோரிற் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். தொழில்வழி நேர்ந்த ஒரு காயத்திலிருந்து ஒரு பண்டம் பிறந்தது. ஹைட்ரோகுயினோன் பின்னர் வெளுப்புக் களிம்புகளிற் புகுந்தது. நெடுங்காலம் பூசியோரின் முகம் நீலங்கலந்து கறுத்ததைத் தென்னாபிரிக்காவில் பின்ட்லே 1975 இற் பதிவுசெய்தார். அங்கு 1990 இல் அது தடைசெய்யப்பட்டது. அத்தடைக்குப் பின்னால் மருத்துவரோடு கறுப்பின விழிப்புணர்வு இயக்கத்தினரின் எதிர்ப்பும் இருந்தது. மருந்துக் கடை விடயமென நாம் ஒதுக்கியதை அவர்கள் அரசியலாகக் கண்டனர்.

அவ்வமெரிக்க ஆலையின் கையுறைக்குப் பால் கொடுத்தது கேகாலை மரமே என்று கூறுவதற்கில்லை. ஆயின் றப்பர்ப் பாலை வெட்டியவரின் கையிலிருந்து, அதனைக் கையுறையாக அணிந்தவரின் கையினூடாக, வெண்மையை விரும்பியவரின் முகம்வரை ஒரே தொழில்துறைச் சங்கிலி நீள்கின்றது. அதன் முதற் கண்ணியிலுள்ள கைகளைப் பற்றி எவரும் அத்துணை ஆராய்ச்சி செய்ததில்லை. பால் உறையப் போமிக்கு அமிலம் வேண்டும். 85 சதவீதச் செறிவில் வரும் அதனை நீரிற் கலந்தே பயன்படுத்துவர். கலக்குமுன் தெறித்தாற் தோல் வெந்துவிடும். பால் உறையாதிருக்க அமோனியா சேர்ப்பர். அது கண்ணையும் தோலையும் எரிக்கும். அட்டைக்கடியைத் தடுக்கக் காலிற் பூசப்படுவதோ மேற்கூறிய அதே சவர்க்காரந்தான். ஒரு நாளில் அத்தோலைத் தொடும் பொருள்கள் யாவற்றையும் பட்டியலிட்டால், முகக்களிம்பின் பங்கு அதிற் மிகச் சிறியதே.

தமிழ் 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின் மூலம் அரசகரும மொழியாயிற்று. கடையில் விற்கும் களிம்பின் பெயரும் விலையும் தமிழில் இருப்பினும், சேர்மானப் பட்டியல் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே, பூதக்கண்ணாடி வேண்டும் அளவிற் பொறிக்கப்படுகின்றது. பாலை உறையவைக்கும் கொட்டிலில் நிற்கும் கலனிலும் நிலை பெரிதும் இதுவே. அதிலுள்ளது கையிற் பட்டால் உடனே செய்யவேண்டியது யாது என்பதைப் புதிதாக வேலைக்கு வந்தவள், பக்கத்தில் நிற்கும் மூத்தவளிடமே கேட்டறிகின்றாள்.