வாணிக அவையில் மகளிர்

வாணிக நிறுவனங்களை நடத்தும் இயக்குநர் அவையில் மகளிர்க்கு இடம் வேண்டும் என்னும் கருத்து, இந்நூற்றாண்டில் பல நாடுகளில் சட்டமாகவே வடிவெடுத்துள்ளது. மகளிர் அவையில் அமர்ந்தால் நிறுவனத்தில் புதுமை பெருகும் என்பர் ஒரு சாரார். அமர்வோர் ஆணா பெண்ணா என்பதால் புதுமை பிறப்பதில்லை என்பர் மற்றொரு சாரார். இவ்வழக்கை ஆராய்வதற்குப் பிரெஞ்சு நாட்டு வரலாறு பெரிதும் துணை செய்கின்றது.

பிரான்சின் வடகிழக்கிலுள்ள ரேம்ஸ் நகரம், ஷாம்பெயின் என்னும் நுரைக்கும் திராட்சை மதுவினால் பெயர் பெற்றது. கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். ஆதலின் மதுவின் நன்மை தீமை பற்றித் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அத்தொழிலில் ஒரு புதுமை எவ்வாறு தோன்றிற்று என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

பார்ப் நிக்கோல் பொன்சார்டன் என்னும் அம்மையார் 1777-ஆம் ஆண்டு அந்நகரில் ஒரு துணி வணிகரின் மகளாகப் பிறந்தார். 1798-இல் பிரான்சுவா கிளிக்கோ என்பவரை மணந்தார். கணவரின் தந்தை 1772-இல் தொடங்கிய மது வாணிகத்தைக் கணவர் நடத்தி வந்தார். 1805-இல் அவர் காலமானபோது அம்மையார்க்கு வயது 27. அவர் கையில் ஒரு சிறு பெண் குழந்தை இருந்தது.

அக்காலச் சட்டத்தை அறிந்தால்தான் அடுத்து நிகழ்ந்தது விளங்கும். 1804-இல் நெப்போலியன் வகுத்த உரிமையியற் சட்டம், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிதல் வேண்டும் என்றது. கணவனின் இசைவின்றி மணமான பெண் தன் பெயரில் வாணிகம் செய்ய இயலாது. கைம்பெண்ணுக்கோ இத்தடை இல்லை. கணவன் உயிரோடிருந்தவரை மூடியிருந்த வாயில், அவன் மறைவுக்குப் பின் திறந்தது. என்னே அச்சட்டத்தின் விந்தை! அம்மையாரின் நிறுவனப் பெயரில் இன்றுவரை முன்னிற்கும் ‘வெவ்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குக் கைம்பெண் என்பதே பொருள். அது துயரத்தைக் குறிக்கும் சொல் மட்டுமன்று; அவர் பெற்ற உரிமையைக் குறிக்கும் சொல்லுமாகும்.

எனினும் உரிமை மட்டும் அவரை உயர்த்தவில்லை. மாமனார் பொருளுதவி செய்ய முன்வந்தார். ஆனால் தொழிலறிந்த அலெக்சாந்தர் ஃபூர்னோ என்பவருடன் கூட்டாக நடத்துமாறு ஏற்பாடு செய்தார். அந்நான்காண்டும் அம்மையார்க்குப் பயிற்சிக் காலமாயின. கூட்டு முடிவுற்றபின், 1810 முதல் தம் பெயராலேயே நிறுவனத்தை நடத்தினார். நெப்போலியப் போர்களால் கடல் வழிகள் அடைபட்டிருந்த காலம் அது. 1814-இல் போர் ஓயும் நிலையில், பிறர் தயங்கி நின்றபோது, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட புட்டிகளைக் கப்பலேற்றி, லூயி போன் என்னும் விற்பனையாளருடன் பால்டிக் கடல் வழியே உருசியச் சந்தையை நோக்கி அனுப்பினார். அங்கு அவை பெருவிலைக்கு விற்றன.

சந்தை பெருகியதும் ஓர் இடர்ப்பாடு தலைதூக்கிற்று. ஷாம்பெயின் புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கும். அப்போது மடிந்த நொதிகள் வண்டலாகத் தங்கி, மதுவைக் கலங்கச் செய்யும். தெளிந்த மதுவை வேறு புட்டிக்கு மாற்றினால் நுரைக்குக் காரணமான வளி வெளியேறும், மதுவும் வீணாகும். அம்மையார் தம் நிலவறைத் தலைவர் அந்துவான் முல்லருடன் சேர்ந்து இதற்கு வழி தேடினார். 1816-ஆம் ஆண்டளவில், துளைகளிட்ட மேசை ஒன்றில் புட்டிகளைத் தலைகீழாகச் செருகி, நாள்தோறும் சிறிதளவு திருப்பி வரும் முறை உருவாயிற்று. சில வாரங்களில் வண்டல் முழுவதும் அடைப்பானருகே திரண்டுவிடும். அடைப்பானைத் திறந்தவுடன் உள்ளிருக்கும் வளியே வண்டலை வெளியே தள்ளும். மது தெளிவாக நிற்கும். பின்னர் மற்ற வணிகரும் இம்முறையைக் கையாண்டனர். இன்று புட்டிகளைத் திருப்பும் பணியைப் பெரும்பாலும் பொறிகள் செய்கின்றன. அடிப்படை முறையோ மாறவில்லை.

இப்புதுமை பெண்ணியல்பால் விளைந்தது என்று கூறின் அது மிகையாகும். அம்மையார் தொழிலைக் கற்றிருந்தார். நிலவறைத் தொழிலாளருடன் கலந்து பணியாற்றினார். பணத்தைச் செலவிட்டுச் சோதித்துப் பார்க்கும் அதிகாரம் அவரிடம் இருந்தது. அறிவு, உழைப்பு, அதிகாரம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடியதன் பயனே அது. இவற்றுள் முதலிரண்டும் வாய்த்த மகளிர் வேறு பலர் இருந்திருப்பர். மூன்றாவது வாய்க்காமையால் அவர்தம் திறன் வெளிப்படாமற் போயிற்று.

ஒருவர் நுழைந்ததால் வாயில் எல்லார்க்கும் திறந்துவிடவுமில்லை. அம்மையார்க்குப் பின் நிறுவனத் தலைமை, அவருடைய பங்காளியாக இருந்த எதுவார் வெர்லேயிடம் சென்றது. 1866-இல் அம்மையார் மறைந்தார். அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1965-இல்தான், கணவனின் இசைவின்றித் தொழில் செய்யவும் வங்கிக் கணக்குத் தொடங்கவும் மணமான பிரெஞ்சு மகளிர்க்குச் சட்டம் இடந்தந்தது.

இயக்குநர் அவையில் நாற்பது விழுக்காட்டு இடம் என்னும் சட்டத்தை நார்வே நாடு 2003-இல் முதன்முதலாக இயற்றியது. பிரான்சு 2011-இல் அவ்வழியைப் பின்பற்றி, பெரிய நிறுவனங்கள் 2017-க்குள் அவ்வளவை எய்த வேண்டும் என விதித்தது. மலேசியாவிலும் பங்குச் சந்தையில் பதிவு பெற்ற நிறுவனம் ஒவ்வொன்றும் 2023 சூன் முதல் ஒரு பெண் இயக்குநரையேனும் கொண்டிருத்தல் வேண்டும் என்பது விதியாயிற்று.

இவற்றின் பயன் பற்றி ஆராய்ச்சியாளர் ஒருமித்த முடிவு காணவில்லை. நார்வேச் சட்டத்தால் நிறுவனங்களின் மதிப்புக் குறைந்தது என 2012-இல் வெளியான ஓர் ஆய்வு கூறிற்று. பின்வந்த ஆய்வு அதனை மறுத்தது. பெண் இயக்குநர்களைக் கொண்ட அமெரிக்க நிறுவனங்கள் புத்தாக்கத்திற்கு மிகுதியாகச் செலவிட்டு, மிகுதியான காப்புரிமைகளையும் பெற்றன என 2018-இல் மற்றோர் ஆய்வு காட்டிற்று. ஆயினும் இரண்டு சேர்ந்து நிகழ்வதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று துணிதல் ஆகாது.

பிரெஞ்சு நாட்டினர் கண்ட பட்டறிவு இங்குக் கருதத்தக்கது. இயக்குநர் அவைகளில் மகளிர் தொகை உயர்ந்த பின்னரும், நிறுவனத்தை நாள்தோறும் நடத்தும் உயர் பதவிகளில் அவர்கள் சிலராகவே இருந்தனர். ஆகவே 2021 இறுதியில் மற்றுமொரு சட்டம் இயற்றி, பெரிய நிறுவனங்களின் அத்தகைய பதவிகளுக்கும் அளவு வகுத்தனர். கூட்டத்தில் கருத்துரைப்பது வேறு. பொருளை ஒதுக்கி, ஆளை அமர்த்தி, சோதனையைத் தொடங்கிவைப்பது வேறு. முன்னதனை இருக்கை தரும். பின்னதனை அதிகாரமே தரும்.

கைம்மை நேர்ந்தால்தான் பெண்ணுக்கு உரிமை என்றிருந்த காலம் போய், சட்டமே வாயிலைத் திறக்கும் காலம் வந்துள்ளது. இது பெரிய முன்னேற்றமே. மகளிர்க்கு இடமளிப்பதைப் புதுமை வருமா, ஆதாயம் வருமா என்று நிறுத்துப் பார்த்துத்தான் செய்தல் வேண்டும் என்பதில்லை, அது நீதி. புதுமை வேண்டுமெனின், அந்நீதியோடு தொழிற்கல்வியும் செயலுரிமையும் அவர்க்குக் கிட்டுதல் வேண்டும்.